இறைவனுக்குக் கழிவிரக்கம் உண்டோ?

சிவமயம்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)



திருக்கோயிலில் வந்து நிற்போர் அனைவரும் நன்றி கூறவே வருகின்றனர் என்று கருதுதல் பொருந்தாது. மகனை இளமையில் இழந்த தாய் ஒருத்தியும் அக்கூட்டத்திடையே நிற்கின்றாள். அவள் கைகள் கூப்பியிருப்பினும், உள்ளத்தில் ஒரு வினா எழுந்து நிற்கின்றது. "இவ்வாறு செய்துவிட்டோமே என்று உனக்கு ஒரு நாளேனும் தோன்றியதுண்டா?" என்பதே அவ்வினா. அதனை அவள் குருக்களிடம் கேட்பதில்லை, ஓதுவாரிடமும் கேட்பதில்லை, மூலத்தானத்தை நோக்கியே கேட்கின்றாள். அவ்வினாவிற்குச் சைவம் கூறும் விடை யாது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இவ்வினா இருபுறமும் கூரியது. 'தோன்றியதுண்டு' என விடை கூறின், இறைவன் செய்யத்தகாத ஒன்றைச் செய்து, பின்னர் அதனை உணர்ந்தான் என்று முடியும். பிழைபடுவோன் முழுமுதல்வன் ஆதல் யாங்ஙனம்? 'தோன்றுவதில்லை' என விடை கூறின், அழுவாருடைய கண்ணீர் அவனைத் தொடுவதில்லை என்று முடியும். கண்ணீர் தொடாத ஒருவனைத் தொழுது பெறும் பயன் என்னை? குறைவிலாமையைக் காக்கப் புகின் அருள் நழுவுகின்றது. அருளைக் காக்கப் புகின் குறைவிலாமை நழுவுகின்றது. சித்தாந்தச் சான்றோர் இவ்விரண்டனுள் எதனையும் நழுவவிட்டாரல்லர். அவர் கண்ட வழியை அறிதற்கு முதலில் ஒரு சொல்லின் பொருளை அறிதல் வேண்டும்.

இரங்குதல் என்பது அச்சொல். தான் செய்த செயலை நினைந்து 'என் செய்தேன்' எனப் பின்னர் வருந்துதலும் இரங்குதலே. பிறர் படுந் துன்பங்கண்டு உள்ளம் நெகிழ்தலும் இரங்குதலே. திருவள்ளுவர் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்னர் இரங்குதற்குரிய செயல்களைச் செய்யற்க என்று அறிவுறுத்துமிடத்து அச்சொல் முதற்பொருளில் நிற்கின்றது. அடியார் இறைவனை நோக்கி 'இரங்கியருள்க' என வேண்டுமிடத்து இரண்டாம் பொருளில் நிற்கின்றது. முன்னையதனைக் கழிவிரக்கம் என்றும், பின்னையதனை இரக்கம் என்றும் பிரித்து வழங்குதல் உண்டு. இரண்டிலும் நெஞ்சம் கசிவதுண்டு. ஆயினும் கழிவிரக்கம் சென்ற காலத்தையும் தன்னையும் நோக்கித் திரும்புவது. இரக்கம் எதிரே நிற்பவனை நோக்கிச் செல்வது. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதலினாலேயே மேற்கூறிய இடர்ப்பாடு தோன்றுகின்றது.

ஒருவனுக்குக் கழிவிரக்கம் உண்டாதற்குக் காரணங்கள் மூன்று. விளைவை முன்னர் அறியாமல் செய்தல் ஒன்று. விளைவை அறிந்திருந்தும் வெகுளியாலோ விருப்பத்தாலோ இழுக்கப்பட்டுச் செய்தல் மற்றொன்று. செய்து முடித்தபின் அதனை நேர்செய்ய ஆற்றலின்றி நிற்றல் மூன்றாவது. இம்மூன்றனுள் ஒன்றேனும் இல்லாத இடத்தில் கழிவிரக்கம் வேர்கொள்ளாது.

இனி, சைவாகமங்கள் இறைவனுக்குரியனவாகக் கூறும் எண்குணங்களை நோக்குக. திருக்குறளின் கடவுள் வாழ்த்திற்கு உரை வகுத்த பரிமேலழகரும் அவற்றை எடுத்தோதியுள்ளார். தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருளுடைமை, முடிவிலாற்றலுடைமை, வரம்பிலின்பமுடைமை என்பன அவை. முற்றும் உணர்வோனுக்கு முன்னறியாமை இல்லை. பாசங்களின் இயல்பாகவே நீங்கியவனை வெகுளியும் விருப்பமும் இழுத்துச் செல்லமாட்டா. முடிவிலாற்றல் உடையவனுக்குக் கைகடந்து போன செயல் என்று ஒன்றில்லை. ஆகவே கழிவிரக்கத்தின் மூன்று வேர்களும் அவன்பால் இல்லை என்பது பெறப்பட்டது.

ஆயின் அவ்வெட்டினுள் பேரருளுடைமையும் ஒன்றாக வைக்கப்பட்டிருத்தலை மறத்தல் கூடாது. கழிவிரக்கத்தை விலக்கும் அதே பட்டியல் இரக்கத்தை நிலைநாட்டுகின்றது. பிசகிய கையோடு அலறும் குழந்தையை மடியில் இருத்தி, எலும்பை இழுத்துப் பொருத்திக் கட்டும் வைத்தியரை எண்ணுக. குழந்தையின் அலறல் அவர் நெஞ்சில் தைக்கின்றது. ஆயினும் 'ஏன் இழுத்தோம்' என்று அவர் பின்னர் வருந்துவதில்லை. கழிவிரக்கம் இன்மையை இரக்கம் இன்மையாகக் கொள்வோர் அவ்வைத்தியரைக் கல்நெஞ்சர் என்று கூறவேண்டியவராவர்.

இங்கே ஒரு தடை எழலாம். புராணங்களில் இறைவன் ஒறுத்தபின் அவ்வொறுப்பைத் தானே மாற்றுகின்றானே. அது கழிவிரக்கம் அன்றோ என்பது அத்தடை. அட்டவீரட்டத் தலங்கள் எட்டனுள், திருக்கடவூரில் உதையுண்ட கூற்றுவன் மீண்டும் உயிரும் பதவியும் பெற்றான். திருக்குறுக்கையில் எரிந்த காமன், இரதியின் கண்ணுக்கு மட்டும் புலப்படுவானாக மீண்டான். திருப்பறியலூரில் தலையிழந்த தக்கன் ஆட்டுத்தலை பெற்று எழுந்தான். கயிலையின்கீழ் நெரிந்த இராவணன் இசைபாடி வாளும் நாளும் பெற்றான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலனவற்றில் எட்டாம் பாடலை இராவணன் செய்திக்கே ஒதுக்கினார். அதனுள் அடர்த்தலையும் அருளுதலையும் சேர்த்தே அமைத்தார். அடர்த்தது ஒரு மனம், அருளியது திருந்திய மற்றொரு மனம் என்று அவர் கருதினாரல்லர். ஊன்றிய விரலும் வாள் ஈந்த கையும் ஒரு கருத்தின் இரு செயல்கள் என்பதே அவர் காட்டிய நெறி.

இத்தடை சைவத்திற்கு மட்டும் உரியதன்று. இறைவன் ஒருவன் உண்டு எனக் கொள்ளும் சமயம் ஒவ்வொன்றும் இதனை எதிர்கொண்டுள்ளது. எபிரேயர்தம் மறைநூலில், மனிதரைப் படைத்தமைக்காக ஆண்டவர் மனஸ்தாபப்பட்டார் என்று ஊழிவெள்ளக் கதையின் தொடக்கம் கூறும். அந்நூலிலேயே சாமுவேல் முதற் பகுதியின் 15ஆம் அதிகாரம், சவுலை அரசனாக்கியமைக்கு ஆண்டவர் மனஸ்தாபப்பட்டார் என்றும், மனஸ்தாபப்படுதற்கு அவர் மனிதர் அல்லர் என்றும் ஒரே இடத்தில் இரண்டனையும் கூறும். கி.பி. 1274இல் மறைந்த கிறித்தவ மெய்ப்பொருளறிஞர் தாமஸ் அக்குவைனஸ், மனம் மாறுதல் வேறு. மாற்றங்கள் நிகழவேண்டும் என்று மாறாத மனத்தால் எண்ணுதல் வேறு என்று பிரித்து இதற்கு விடை கூறினார். அதே 13ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் அருணந்தி சிவாசாரியார், இறைவன் செய்யும் ஒறுப்பும் அன்பினாற் செய்வதே என்று சிவஞான சித்தியாரில் நிறுவினார். சொல்வழி கேளாத மக்களைப் பெற்றோர் அதட்டுதலும், வளாரினால் அடித்தலும், கட்டிவைத்தலும் முடிவாக நோக்குமிடத்துப் பரிவேயன்றோ என்பது அவர் காட்டிய உவமை. ஒருவரையொருவர் அறியாத இருவர், உலகின் இரு மூலைகளில் ஒரே நூற்றாண்டில் இவ்வினாவோடு போராடியமை எண்ணத்தக்கது.

பொதுவாகக் கூறியதனை ஒரு வரலாற்றில் வைத்துக் காண்பதே சிறப்பு. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்த சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு அதற்கு ஏற்றது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சூளுரைக்க உடன்பட்டார். ஆயினும் திருவாரூரும் அங்குள்ள பரவையாரும் நெஞ்சைவிட்டு நீங்காமையால், திருமுன்னர்ச் சூளுரைக்கும்போது இறைவன் மகிழ மரத்தின்கீழ்ச் சென்றிருக்க வேண்டும் என்று தம் தோழராகிய இறைவனையே வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்தான். பின்னர்ச் சங்கிலியாருக்குக் கனவில் தோன்றி, மகிழ மரத்தின்கீழேயே சூளுரை கேட்குமாறு உணர்த்தினான். மகிழின்கீழ்ச் சூளுரைத்த சுந்தரர் சில காலம் கழிந்தபின் ஆரூரை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே இருகண் பார்வையும் இழந்தார்.

இவ்விடத்தில் இருவர் உளர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கண்ணிழந்து வழியில் நிற்கும் சுந்தரரை நோக்கிய நெஞ்சம் உருகும். ஆயின் ஒற்றியூரில் கைவிடப்பட்ட சங்கிலியாரை நோக்குவார் எத்துணையர்? இறைவனை நம்பியே அவர் அச்சூளுரையை ஏற்றார். தோழர் என்பதற்காகச் சுந்தரரை வாளா விட்டிருப்பின், சங்கிலியாருக்கு இறைவன் அளித்த உறுதி பொய்த்திருக்கும். ஒருவர்க்குக் காட்டும் இரக்கம் மற்றொருவர்க்கு இழைக்கும் அநீதியாக முடிதல் மனிதரிடத்தே நிகழ்வது. முழுமுதல்வனிடத்தே அது நிகழாது.

இனி, பார்வை மீண்ட முறையை நோக்குக. வட திருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்த சுந்தரர் அங்கே பெற்றது கண் அன்று; ஓர் ஊன்றுகோல். திருவாலங்காட்டை வணங்கிக் காஞ்சியை அடைந்தபோது, திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் திருக்குளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கினார். திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் பெற்றார். எடுத்தது ஒரு நொடியில், கொடுத்ததோ படிப்படியாக. கழிவிரக்கம் கொண்டவன் இவ்வாறு செய்வானோ? தவறிக் கவர்ந்த பொருளை உரியவனிடம் சேர்ப்பவன் பதறி ஓடி முழுவதனையும் ஒருசேரத் தந்துவிடுவான். தன் நெஞ்சின் சுமையை இறக்கிவைப்பதே அவன் நோக்கம். இறைவன் கொடுத்த முறையில் பதற்றம் இல்லை. கோல் தாங்கத்தக்க இடத்தில் கோல். ஒரு கண் தாங்கத்தக்க இடத்தில் ஒரு கண். கொடுப்போனுடைய சுமையை இறக்கும் முறையன்று அது. பெறுவோனுடைய பக்குவத்தை நோக்கிய முறை.

ஊன்றுகோல் அருளிய இறைவன் ஊன்றீசுவரர் என்னும் பெயரோடு இன்றும் வழிபடப்பெறுகின்றான். சென்னை நகரின் குடிநீர்க்காகப் பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டில் அமைந்தபோது பழைய தலம் நீருள் மூழ்கியது. அன்பர்கள் கோயிலை வேறிடத்தில் எழுப்பினர். கண்ணிழந்தவர்க்குக் கோல் தந்த பெருமானுக்கே மக்கள் கைகொடுத்து இடம்பெயர்த்த அச்செய்தி, திருப்பணி செய்வோர் நினைவில் வைத்தற்குரியது.

அவ்வழிநடையில் சுந்தரர் வாய்மூடிச் சென்றாரல்லர். கண்ணைப் பறித்தவனை உரிமையோடு கடிந்தார், முறையிட்டார், ஏசவும் செய்தார். அப்பாடல்களை இறைவன் வெறுத்தானல்லன். ஏழாந் திருமுறையாகத் தொகுக்கப்பட்ட அவருடைய 100 பதிகங்களுள் அவையும் இடம்பெற்றன. ஏசப்பெற்றவன் திருமுன்னரே ஓதுவார்கள் அவற்றை இன்றும் பாடுகின்றனர். குறையுடையவனே தன்மீது கூறப்பட்ட பழியை மறைக்க முயல்வான். குறைவிலா நிறைவாகிய பெருமானுக்கு அடியாருடைய சினத்தைக் கேட்பதில் அச்சம் இல்லை. துன்புற்ற அடியார் அவனோடு வழக்காடுதல் பத்திக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் இத்திருமுறையை ஒருமுறை ஓதிப் பார்த்தல் வேண்டும்.

இறைவனுடைய மாறாமையை அளவுகடந்து வற்புறுத்தி இடர்ப்பட்டோரும் உண்டு. உமாபதி சிவாசாரியார் கி.பி. 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்பட்ட கொள்கைகளுள் ஈசுவர அவிகாரவாதம் ஒன்று. இறைவன் விகாரம் அற்றவன் ஆதலின் அவன் எதனையும் செய்வதில்லை. உயிரே முயன்று அவனைச் சென்றடையும் என்பது அக்கொள்கையின் சாரம். அவன் விகாரம் அற்றவன் என்பதைச் சித்தாந்தமும் உடன்படும். கதிரவன் மாறுபாடின்றி நிற்ப, அவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்தலும், ஒன்று மலரும் பருவம் எய்துதலும், ஒன்று வாடுதலும் நிகழும் என்று சித்தாந்த நூல்களே உவமை கூறும். ஆயின் உவமை முழுவதும் ஒத்தல் இல்லை. கதிரவன் தாமரையை அறியான்; இறைவன் உயிரை அறிவான். அறிந்து, அருளாகிய தன் சத்தியினால் அதன்பொருட்டுச் செயல் புரிவான். செயல் புரிந்தும் தான் திரிபடையான். மாறாமை என்பது செயலின்மை அன்று; அருளினின்றும் ஒருபொழுதும் பிறழாமையே அது.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் இதனினும் ஆழ்ந்து செல்கின்றது. சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூரிலேயே வாழ்ந்தவர் மெய்கண்டார். அவர் நூலில் 12 சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் 11ஆம் சூத்திரம் கண்ணையும் உயிரையும் உவமையாக்குகின்றது. கண் தானே காண்பதில்லை. உயிர் அதனோடு உடன்நின்று பொருளைக் காட்டுகின்றது. காட்டுவதோடு அமையாது தானும் உடன் காண்கின்றது. அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டுகின்றான். தானும் உடன் காண்கின்றான். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பர். கண்ணிழந்த சுந்தரர் வழிநடந்த ஒவ்வோர் அடியினையும் உடன்நின்று கண்டவன் ஒருவன் இருந்தான் என்பதே இதனால் பெறப்படும் பொருள். உயிர் துன்பத்தில் அழுந்தி அறிகின்றது; இறைவன் அழுந்தாமல் அறிகின்றான். அழுந்தாமையால் அவன் அயலான் ஆகான். வெள்ளத்தில் அழுந்துவானை எடுக்க நீட்டிய கை, தானும் உடன் அழுந்துமாயின் எடுப்பது யாங்ஙனம்?

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் நிகழும் பிட்டுத் திருவிழா இக்கருத்தை எல்லார்க்கும் எளிதாக்கிக் காட்டுகின்றது. வந்தி என்னும் முதியவளுக்காகப் பிட்டைக் கூலியாகக் கொண்டு வையைக் கரைக்கு மண் சுமந்த பெருமானைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி பாண்டியன் முதுகிலும், மற்றெல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது என்று திருவிளையாடற் புராணம் கூறும். இறைவன்மீது விழுந்த அடி எவ்வுயிர்க்கும் சென்று சேருமாயின், ஓருயிர்மீது விழும் அடியை அவன் அறியாதிருத்தல் எவ்வாறு இயலும்? உயிரோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்பவன் அவன்.

இனி, தொடக்கத்தில் மூலத்தானத்தை நோக்கி நின்ற தாய்க்குரிய விடையைக் கூறலாம். 'செய்துவிட்டோமே' என்னும் எண்ணம் அவனுக்கு இல்லை. அவள் மகனுடைய வாழ்வு இறைவன் கைதவறி உடைந்த கலம் அன்று. அது கைதவறியதாயின், அவள் இனி நம்பிச் செல்வதற்கு வேறு கை ஏது? ஆயின் அவள் கண்ணீரை அவன் காண்கின்றான். அவள் அழுதற்கு முன்னரே அறிகின்றான். அழும்பொழுது அவளுக்கு உள்ளிருந்து உடன் நிற்கின்றான். கழிவிரக்கம் உடைய ஒருவன் அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பான். இரக்கம் உடையவனோ போகாமல் உடனிருக்கின்றான்.

இதனை அறிந்தோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். துன்புற்றவர் எதிரே நின்று 'இது உன் வினைப்பயன்' என்று கூறுதல் சைவர்க்கு அழகன்று. வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே ஆராய்தற்கு வகுக்கப்பட்டது. பிறர் துயரை அளத்தற்கு வகுக்கப்பட்ட கோல் அன்று. கண்ணிழந்தவனுக்கு இறைவன் நீட்டியது ஊன்றுகோல். அன்பர்கள் நீட்டத்தக்கதும் அதுவே.

கழிவிரக்கம் இறைவனுக்கு இல்லை எனின், அது யாருக்கு உரியது? உயிருக்கே உரியது. முன்னறியாமையும், வெகுளியும் விருப்பும் இழுத்தலும், கைகடந்ததை நேர்செய்ய மாட்டாமையும் ஆகிய மூன்றும் உயிருக்கு உண்டு. ஆதலின் செய்த பிழைக்கு வருந்துதல் உயிருக்கு இழுக்கன்று. அது பக்குவத்தின் முதற் குறி. ஆகமங்கள் பிராயச்சித்தம் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே.

குடமுழுக்கும் ஒருவகையில் ஊரார் கூடிச் செய்யும் கழுவாயே. காலத்தாலும் கவனக்குறைவாலும் திருவுருவிற்கும் பீடத்திற்கும் இடைப்பட்ட மருந்து நெகிழ்கின்றது. மதிலில் ஆலும் அரசும் வேர்விடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, பழுது நீக்கி, கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்து அட்டபந்தனம் சாத்துகின்றனர். நெகிழ்ந்தது மக்கள் பக்கத்துப் பிணிப்பே. மீண்டும் இறுகுவதும் அதுவே. இடையில் இறைவன் சினந்து நீங்கினான் என்பதும் இல்லை. இப்பொழுது மனம்மாறி வந்தான் என்பதும் இல்லை.

திருப்பணிக்குப் பொருள் வழங்கியோருள், வேண்டுதல் நிறைவேறியதற்காக வழங்கியோர் உண்டு. பெற்றோர் நினைவாக வழங்கியோர் உண்டு. எவரிடமும் கூறாத ஒரு பிழையை நினைந்து வழங்கியோரும் இருத்தல் கூடும். மூவகையாரும் போற்றற்குரியர். மூன்றாமவர்க்கு மட்டும் சுந்தரர் வரலாற்றினின்றும் ஒரு சொல் கூறத்தக்கது. திருவாரூரை அடைந்து வலக்கண் பெற்ற பின்னரும் பரவையாருடைய ஊடல் தீரவில்லை. கோயிலில் பாடியதனால் அது தீர்ந்துவிடும் என்று இறைவன் வாளா இருந்தானல்லன். நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் ஒருமுறைக்கு இருமுறை தூது நடந்து, பரவையார் மனையின் வாயிலில் நின்றான். எப்பிழையும் இல்லாத பெருமானே மனம் நொந்தவர் வாயிலுக்கு நடந்து சென்றான் எனின், பிழை செய்தவர் உண்டியலில் பொருளிட்டுவிட்டு வீடு திரும்புதல் போதுமோ? உடன்பிறந்தானுடைய பங்கை மறைத்தவர் உடன்பிறந்தானிடம் செல்லுக. ஏழையின் கூலியைக் குறைத்தவர் அவ்வேழையின் வாயிலுக்குச் செல்லுக. சென்று திரும்பியபின் வந்து தொழும் தொழுகையைப் பெருமான் மகிழ்ந்து ஏற்பான்.

கும்பநீர் விமானத்தின்மேல் சொரியப்படும்பொழுது, அவரவர் உள்ளத்தில் செய்யவேண்டியதாக எஞ்சியுள்ள அந்த ஒரு செலவு நினைவிற்கு வருமாக. அதற்குரிய துணிவை எல்லாம்வல்ல பெருமான் எல்லார்க்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்